பாய்லரின் போர்வை

நீராவி ரயில்களை நிறுத்திய பிறகு, சரக்கு இழுத்த இஞ்சின்கள் சிலவற்றைத் திருவொற்றியூரில் எங்கள் பழைய இரும்பு யார்டுக்கு உடைக்கக் கொண்டுவந்தார்கள். கேஸ் வைத்து வெட்டுகிறவன் நான்.

அவ்வளவு பாரம் இழுக்கப் பெரிய பாய்லர் வேண்டும். பாய்லர் பெரிதாக ஆக, சூடு வீணாகும் பரப்பும் பெரிதாகும். அதைத் தடுக்க மேல்தகட்டுக்கு அடியில் கல்நாரை, அதுதான் ஆஸ்பெஸ்டாஸ், தடிமனாகச் சுற்றியிருந்தார்கள். பார்க்கப் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும். வெறுங்கையால் பிய்த்துப் போட்டோம். சூட்டை அடைத்துவைக்க அத்தனை யோசித்தவர்கள், ஒருநாள் அதைப் பிரிக்கப்போகிறவனைப் பற்றி யோசிக்கவில்லை.

நான் யோசித்தேன், அதுதான் வினை. சூட்டை வெளியே விடாதது, வெளிச்சூட்டை மட்டும் உள்ளே விடுமா? நான்கு மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் மூங்கில் தட்டி கட்டி, அதன்மேல் பரப்பினேன். உதிர்ந்த தூளை என் மனைவி தினமும் பெருக்கினாள்.

"எங்க வூடு மட்டும் ஜில்லுனு கீதுக்கா" என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்தாள்.

இதெல்லாம் நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் மூச்சு முட்டுகிறது என்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நுரையீரல்ல கல்நார் தூசி படிஞ்சிருக்கும்மா. எந்தக் கம்பெனியில வேலை பார்த்தீங்க?"

"நான் எங்கியும் வேலைக்குப் போனதில்ல சார். வூட்லயேதான் கீறேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். எனக்கு இருமல்கூட இல்லை.