மேம்பாலம் ஏறிய படகு

சத்தமே போடாத காரை எப்படி விற்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இருபது வருஷமாக நான் விற்றது சத்தத்தை. பானெட்டைத் திறந்து, "சார், இதைக் கேளுங்க" என்று ஒதுங்கி நின்றால் போதும். மிச்சத்தை எஞ்சினே பேசி முடித்துவிடும். பெரிய கம்பெனிகளெல்லாம் வரிசையாக மின்சாரத்துக்கு மாறியபிறகு பேசுகிற வேலை மொத்தமும் என் தலையில் விழுந்தது. எல்லார் காரும் ஒரே மாதிரி ஊமை. "எங்க வண்டியோட அமைதி வேற மாதிரி அமைதி சார்" என்றுகூட ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த அமைதியைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

ஜி.எஸ்.டி. சாலையில் இந்தப் பக்கம் எங்கள் ஷோரூம், அந்தப் பக்கம் அவர்களுடையது. அவர்கள் திரையை ஒரு விரற்கடை பெரிதாக்கினால் நாங்கள் இரண்டு விரற்கடை. நாங்கள் இருக்கையில் மசாஜ் வைத்தால் அவர்கள் ஏசியில் வாசனை வைப்பார்கள். ஒரு சார்ஜில் திருச்சி என்று நாங்கள் பேனர் கட்டினோம். மறுநாள் அவர்கள் மதுரை என்று கட்டினார்கள். எங்கள் மேனேஜர் மீட்டிங் போட்டு, "பேனர்ல வேணாம், வாயால சொல்லும்போது திருநெல்வேலின்னு சொல்லுங்க" என்றார். வாங்க வருகிறவருக்கோ மாடம்பாக்கத்திலிருந்து பல்லாவரம் சந்தை வரைக்கும் போனால் போதும்.

எதிர்ப்பக்கத்தில் விற்றவன் என் சிநேகிதன். பல வருஷம் இரண்டு பேரும் ஒரே ஷோரூமில் பக்கத்துப் பக்கத்து மேஜை. நாலு மணி டீயைத் தனியாகக் குடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போனான். சேர்ந்த முதல் வாரத்திலேயே, நான் ஆறு மாதம் அலைந்து பழுக்கவைத்திருந்த பல் டாக்டர் ஒருவரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. அவன் நாலு மணிக்கு டீக்கடைக்கு வருவான் என்பதால் நான் நாலரைக்குப் போனேன். நாலரை மணி டீ கழுநீர் மாதிரி இருக்கும். ஆனாலும் ரோஷம் பெரிசில்லையா?

இப்படி இருக்கையில்தான் மாடம்பாக்கத்துக்காரர் வந்தார். ஒரு காலத்தில் அவர் குடும்பம் நெல் போட்ட நிலத்தில் இப்போது அவருடைய ஹார்டுவேர் கடையும் சிமெண்டு குடோனும் நிற்கின்றன. அவரும் மனைவியும் இரண்டு ஷோரூமுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கோ மூன்று மாதமாக ஒரு புக்கிங்கும் இல்லை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "சார், இதுவும் வரலைன்னா அடுத்த மாசத்துலேருந்து நீங்க பழைய வண்டிப் பிரிவுல உட்கார்ந்துக்கலாம். அங்க டென்ஷனே இல்ல" என்றார். என் நன்மைக்குச் சொல்கிற குரலில்தான் சொன்னார். பழைய வண்டிப் பிரிவு என்பது சர்வீஸ் கூடத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகை. அன்று முகம் கழுவும்போது கண்ணாடியில் என்னையே பார்த்தேன். ஒரே ஓனர், பெயிண்ட் சுமார், டயர் மாற்ற வேண்டும்.

மாடம்பாக்கத்துக்காரருக்குத் திரையும் வேண்டாம், மசாஜும் வேண்டாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அதெல்லாம் கீட்டும் சார். தண்ணில போவுமா?"

பெரிய வெள்ளத்தில் அவருடைய கார் மூன்று நாள் முழுகிக் கிடந்ததாம். ஸ்டியரிங்கிலிருந்து மீன் எடுத்தேன் என்றார்.

"பேட்டரிப் பெட்டி மொத்தமும் சீல் போட்டது சார். படகு மாதிரி போகும்."

"அப்பிடியா? எதுருல கீறவரு நீர்மூழ்கி மாதிரின்றாரு."

எனக்கு வயிறு எரிந்தது. அந்த வார்த்தை எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை அவர் வீட்டு வாசலுக்கே டெமோ காரைக் கொண்டுவருவதாக ஏற்பாடு. அதனால் வெள்ளிக்கிழமை அதை சேலையூரில் என் வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன். சந்துக்குள் நுழையாததால் முனையில் நிறுத்தினேன். சாயங்காலச் செய்தியில் கனமழைக்கு ஆரஞ்சு அலர்ட் என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஆரஞ்சு அலர்ட் என்றால் ஜனங்கள் செய்கிற முதல் காரியம், காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவது. பால், மெழுகுவர்த்தி, பிஸ்கெட் எல்லாம் அப்புறம். ஆனால் நான் விற்பது படகாயிற்றே. படகை யாராவது பாலத்தில் ஏற்றுவார்களா என்று கம்பீரமாகப் படுத்தேன்.

விடிந்தும் விடியாமல் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தண்ணீர் காரின் டயரில் பாதி உயரத்துக்கு நின்றது. என் கம்பீரம் மாடிப்படியில் எனக்கு முன்னால் ஓடிற்று. லுங்கியோடு காரில் ஏறி, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் எல்லாம் தாண்டி மேடவாக்கம் மேம்பாலத்தில் ஏற்றியபிறகுதான் மூச்சு விட்டேன். அதற்கும் மேல் ஒரு காரியம் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சார்ஜ் போடுகிற மூடியின் மேல் பழக்கடை பாலித்தீன் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேன்.

மனைவி போன் செய்தாள். "கீழ அடுப்படில கேஸ் சிலிண்டரைத் தூக்கி மேல வைக்க ஆளில்ல. கம்பெனி காரைத் தூக்கி மேல வைக்கப் போயிட்டீங்களா?"

"ரெண்டு கோடி ரூபா காருடி."

"சிலிண்டர்ல பாதி கேஸ் இருக்கு."

பதில் சொல்ல வாயெடுத்தபோது கண்ணாடியில் என் காருக்குப் பின்னால் நின்ற காரைப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்து நீர்மூழ்கி. அவன் வீடு இருக்கும் பள்ளிக்கரணையிலிருந்து ஓடி வந்திருக்கிறது. உள்ளே அவன். அவனுடைய சார்ஜ் மூடியிலும் ஒரு பாலித்தீன் கவர், மளிகைக்கடைக் கவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். மழையில் முகத்தைத் திருப்பிப் பார்க்க என்ன இருக்கிறது? கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒரு பழைய டீசல் கார் உறுமிக்கொண்டு ஏறி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் நின்றது. குடையை விரித்துக்கொண்டு மாடம்பாக்கத்துக்காரர் இறங்கினார். என் காரைப் பார்த்தார். அவன் காரைப் பார்த்தார். குனிந்து பாலித்தீன் கவர்களைப் பார்த்தார். என் லுங்கியைக் கடைசியாகப் பார்த்தார்.

"இன்னா சார், படகக் கொண்டாந்து பாலத்து மேல நிறுத்திக்கினு கீறீங்க?" பிறகு பின்னால் திரும்பி, "நீர்மூழ்கியும் மூச்சு வாங்க மேல வந்துகிச்சா?"

நானும் அவனும் காரைவிட்டு இறங்கி மழையில் அசடு வழிய நின்றோம். பழைய வண்டிப் பிரிவின் தகரத்தில் மழை விழும் சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது.

அவர் எங்களை அதற்குமேல் ஓட்டவில்லை. காரணம் அவர் காருக்குள் இருந்தது. அவருடைய மனைவிக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். தெருவில் தண்ணீர் ஏறினால் நடக்கமுடியாது என்று விடியற்காலையிலேயே காரில் உட்காரவைத்துக் கூட்டிவந்திருக்கிறார். எஞ்சினை நிறுத்தினால் உள்ளே புழுக்கம், ஓட்டினால் புகை, கண்ணாடியை இறக்கினால் சாரல். அந்த அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். ஒன்றும் இல்லாதவர் முகம் அப்படி இருக்காது.

நான் ஓடிப்போய் என் காரின் பின்கதவைத் திறந்தேன். மெதுவாக ஏறி உட்கார்ந்தார். ஏசி சத்தமில்லாமல் ஓடியது. ஆனால் காலை நீட்ட முடியவில்லை. மசாஜைப் போட்டேன். "ஐயோ, எதுக்குத் தம்பி முதுகுல குத்துது?" என்றார். நிறுத்தினேன்.

எதிர்ப்பக்கத்துக் காரில் முன்னிருக்கை படுக்கை மாதிரி சாயும், கீழேயிருந்து கால் வைக்கும் பலகை ஒன்று எழுந்து வரும். எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் பிரோஷரை நான் மனப்பாடம் செய்திருந்தேன். 'காலைத் தூக்கி வைக்கவா சார் கார் வாங்கறீங்க?' என்று அதைக் கேலி செய்தே நாலைந்து பேரை எங்கள் பக்கம் திருப்பியிருக்கிறேன்.

சொன்னால் புக்கிங் போச்சு. சொல்லாவிட்டால் மழை நிற்கும்வரை அந்த அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். என் மண்டை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாய் முந்திவிட்டது. இருபது வருஷமாகப் பேசிப் பழகிய வாய்.

"அம்மா, அந்த வண்டில போய் உட்காருங்க. காலை நீட்டிப் படுத்துக்கலாம்."

அவன் என்னையே பார்த்தான். போய் இருக்கையைச் சாய்த்தான். அந்த அம்மா அதில் படுத்து, கால் மெல்ல மேலே உயர்ந்ததும், "அப்பாடா" என்றார். அந்த அப்பாடாவில் நான் பழைய வண்டிப் பிரிவுக்கு மாற்றலானேன்.

அவன் என் பக்கம் வந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினான். "டேய், எட்டு பர்சன்ட்தான்டா இருக்கு. நேத்து சார்ஜ் போட மறந்துட்டேன். ஏசி நின்னுரும்."

"மதுரைக்குப் போற வண்டியாச்சே."

"உன் வண்டி திருநெல்வேலி போவும்னு நீ சொல்லலியா? மூடு."

எங்கள் காரில் ஒரு வித்தை உண்டு. அதிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கலாம். பிரோஷரில் ஒரு குடும்பம் மலைமேல் காரில் வயரைச் சொருகி காப்பி போடும். அவன் டிக்கியில் சார்ஜர் இருந்தது. இரண்டையும் இணைத்தால் போதும். ஆனால் மழையில் நின்று யார் சொருகுவது?

"நீ சொருகு" என்றேன்.

"கரண்டு உன் காருதுடா மச்சான், நீ சொருகு."

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"எனக்கு மட்டும் யாரும் இல்லியா?"

மாடம்பாக்கத்துக்காரர் குடையை எங்கள் தலைக்கு மேல் பிடித்தார். "ஒண்ணும் ஆவாதுன்னீங்களே சார். பேஜார் பண்ணாம சொருவுங்க."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுச் சொருகினேன். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தால் அவன் காரில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ஆறு மாதமாக நான் அளந்துகொண்டிருந்தது உண்மையாகவே இருந்திருக்கிறது. என்னைத் தவிர எல்லாரும் நம்பியிருக்கலாம்.

பகல் வரைக்கும் அப்படியே இருந்தோம். அந்த அம்மா அவன் காரில் தூங்கினார், என் கார் கரண்டில். மாடம்பாக்கத்துக்காரர் தன் டீசல் காரில் சாய்ந்து மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் என் காரில் வந்து உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தான்.

"அந்தப் பல் டாக்டரு..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தாளு எங்ககிட்டயும் வாங்கலடா. சைக்கிள் வாங்கிட்டான்."

இரண்டு வருஷம். நாலரை மணி டீ. நான் சிரித்த சிரிப்பில் டீ இருக்கையில் கொட்டியது. அந்தக் கறையை மேனேஜர் திங்கட்கிழமை கண்டுபிடித்தார்.

திங்கட்கிழமையே மாடம்பாக்கத்துக்காரர் எதிர்ப்பக்கத்தில் புக் செய்தார். செய்துவிட்டு சாலையைக் கடந்து என்னிடம் வந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க சார். முட்டி நோவு வந்ததுலேருந்து அவ அப்பிடித் தூங்கி நான் பாத்ததில்ல" என்றார். பழைய டீசல் காரை மட்டும் நான்தான் விற்றுத்தர வேண்டும் என்று சாவியைக் கையில் வைத்தார்.

பழைய வண்டிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்ல இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். சொன்னதும் மனைவி கேட்டது: "அங்க ஃபேன் இருக்கா?"

இருக்கிறது. சத்தம் போடும், ஆனால் சுற்றும். நாலு மணிக்கு அவன் சாலையைக் கடந்து வந்துவிடுவான்.

அடுத்த ஆரஞ்சு அலர்ட் வந்தபோது விடியற்காலையில் போன் அடித்தது.

"மச்சான், பாலத்து மேல இடம் போட்டு வெச்சிருக்கேன். துண்டு விரிச்சு மேல கல்லு வெச்சிருக்கேன். சீக்கிரம் வா."

"டேய், எங்கிட்ட இப்ப காரே இல்லடா."

"கார யாருடா கேட்டா? நீ வாடா."

மனைவி எழுந்து கேட்பதற்குள் கேஸ் சிலிண்டரை முதலில் மேலே தூக்கி வைத்தேன். பிறகு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, பேண்ட் போட்டுக்கொண்டு, தண்ணீரில் இறங்கி நடந்தேன்.