மரைக்கு எந்தத் தோட்டா

நோபல் பார்க் வீட்டு கராஜில், சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டிக்குள்தான் எங்கள் துப்பாக்கி இருக்கும். போன மாதம் என் கணவர் அதற்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார். த்ரீ ஹண்ட்ரட் மேக்னம். யானையைச் சாய்க்க வாங்கியது போலிருந்தது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பழைய டூ செவன்ட்டி ஒன்றும் சோடையில்லை. சாம்பர் மானுக்கு, ஊரில் நாங்கள் மரை என்பதற்கு, விக்டோரியா மாநிலச் சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த அளவு அது. ஆனால் போன குளிர்காலத்தில் மலையில் அவர் பிஸ்மி சொல்லிச் சுட்ட மரை விழவில்லை. வயிற்றில் குண்டோடு ஓடியது. ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து இருவரும் புதருக்குள் இறங்கிப் போனபோதும் அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர்தான் கத்தியை எடுத்து அறுத்தார். இறைச்சி ஹலால், அதில் பேச்சில்லை. ஆனாலும் அது இன்னும் ஃபிரீசரில் கிடக்கிறது. எனக்குச் சமைக்கக் கை வரவில்லை, அவரும் கேட்பதில்லை.

அதற்குப் பரிகாரம்தான் இந்த மேக்னம்.

"பெரிய குண்டு எண்டா அதுக்கு வலி தெரியாமப் போயிரும்," என்றார்.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தானே, இரக்கத்துக்கு அதற்கு மேல் வேண்டாமா என்றும் வாதாடினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மலையில் நான் பார்த்தது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. சுடுகிற கணத்தில் அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். பெரிய துப்பாக்கிக்குத் தோளில் விழும் உதையும் பெரிது. பயந்த தோளுக்கு அதைக் கொடுத்தால் இன்னொரு மரைதான் வயிறு கிழிந்து ஓடும். அவரோ சனிக்கிழமை மலைக்குப் போவதென்று நின்றார்.

அதற்கு முன் ஒருநாள், சுட்டுப் பழகும் இடத்துக்குப் போனோம். எனக்கும் லைசென்ஸ் உண்டு. நானே நிரப்பித் தருகிறேன் என்றேன். மேக்னத்தில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத டம்மி ஒன்றை அவரிடம் சொல்லாமல் போட்டேன்.

அது வெடிக்கவில்லை. ஆனாலும் குழல் மண்ணைப் பார்த்துக் குனிந்தது, தோள் முன்னால் பாய்ந்தது, கண் மூடியிருந்தது. இல்லாத உதையை மனிதர் வாங்கிக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கோபிப்பார் என்று நினைத்தேன். பழைய டூ செவன்ட்டியை எடுத்து நீட்டினார். அதிலும் டம்மியைக் கலந்து நிரப்பினேன். அதுவும் குனிந்தது, கொஞ்சம் குறைவாக.

துப்பாக்கியை மேசையில் வைத்தார்.

"அப்ப அந்த மரை?" என்றார்.

அதைச் சொல்லத்தான் இத்தனை வேலையும் செய்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை.

"குண்டுல குறையில்ல," என்றேன் கடைசியில்.

அவர் தோட்டாப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"திரும்பப் போடுங்க. எது டம்மி எண்டு சொல்லாதீங்க."

சனிக்கிழமை நாங்கள் மலைக்குப் போகவில்லை. சுட்டுப் பழகும் அதே மேசைக்குத்தான் போனோம். அவர் கண் இன்னும் மூடுகிறது.