ரோசாலியின் புதுத் தங்கச்சி

ரோசாலி லடாக்கிலிருந்து திரும்பிய மறுநாளே பாரிசில் ரூ காய் தெருவில் இருக்கும் சேலைக்கடைக்கு வந்துவிட்டார். கழுத்தில் அங்கே விடைகொடுக்கும்போது போட்ட வெள்ளைத் துண்டு. முகம் வெயிலில் கருத்து, மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. வாடிக்கையாளர்கள் விரித்துப் பார்த்துவிட்டுப் போன சேலைகளைக் கோசலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் அப்படியே வச்சிட்டு இத பாரு முதல்ல," என்று ரோசாலி கைபேசியை நீட்டினார்.

படத்தில் ரோசாலியும் ஒரு மலைநாட்டுப் பெண்ணும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றார்கள். பின்னால் மரமே இல்லாத பழுப்பு மலை.

"இவ பேரு அங்மோ. அவ வீட்லதான் தங்கினோம். நான் கிளம்பறப்ப கண் கலங்கிட்டா, தெரியுமா? இனிமே நீ என் அக்கான்னுட்டா. இந்த வயசில எனக்கு ஒரு தங்கச்சி கெடச்சிருக்கா, கோசலை!"

"நல்லது," என்றாள் கோசலை. கையில் இருந்த சேலையின் கரையை உள்ளே வைத்து மடித்துவிட்டாள். அவள் ஒருநாளும் அப்படி மடிப்பவள் அல்ல.

கோசலை புறநகரான சார்செலில் இருந்து அந்தக் கடைக்கு வேலைக்கு வருபவள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணம் கட்டிப் பாரிசுக்கு வந்தவள். அவளைச் சுற்றி எப்போதும் சனம்தான். மச்சாள்மார், கோயில்காரர், மாடியில் பக்கத்து வீட்டுக்காரர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ரோசாலி மட்டும்தான் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தார். பாண்டிச்சேரி கத்தோலிக்கர், கணவரை இழந்தவர், நகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனின் திருமணத்துக்குச் சேலை எடுக்க வந்த இடத்தில் பழக்கமானார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாய்க் கரையோரம் இருவரும் நடப்பார்கள். புருஷனைப் பற்றிய குறையையும் பிள்ளைகளைப் பற்றிய பயத்தையும் கோசலை அவரிடம்தான் சொன்னாள். அந்தச் சிநேகிதம் தனக்கே தனக்கென்று இருக்கிற ஒரு பொருள் என்று அவள் நம்பியிருந்தாள்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க அங்மோதான் பேச்சு. அங்மோ பார்லி மாவைத் தேநீரில் பிசைந்து தந்தாள். அங்மோ முதுகில் வைக்கோல் கட்டிக்கொண்டு மலையேறுவாள், மூச்சு வாங்காது. கம்பளிக் காலுறை விற்கும் கடை வாசலில் ரோசாலி நின்றுவிடுவார். "இது அங்மோவுக்கு நல்லா இருக்குமில்ல?" கைபேசி மணியடித்தால் நடை நின்றுவிடும். கோசலை தண்ணீரைப் பார்த்தபடி காத்துக்கொண்டு நிற்பாள். மகளுக்கு வந்த வரன் குழம்பி நின்றுபோன செய்தியைச் சொல்ல ஒரு ஞாயிறு வந்தவள், சொல்லாமலே திரும்பிப் போனாள்.

வீட்டில் சட்டிபானை சத்தம் கூடியதைக் கவனித்தவர் கணவர் வரதராசா. "என்னப்பா நடந்தது?"

"ஒண்டுமில்லை. உந்த ரோசாலி அக்கா இப்ப ஆரோ மலைச்சாதி மனிசியோடைதான் சீவிக்கிறா."

வரதராசா சிரித்துவிட்டார். "அப்ப நீரும் ஒருக்காப் போய்ப் பாருமன்."

அவர் பகிடிக்குச் சொன்னார். கோசலை அதைப் பிடித்துக்கொண்டாள்.

ரோசாலியைக் கூட்டிப்போனவர் ழாக் என்ற ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். கோடையில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போவார். வாகனத்தில் ஓடி ஓடிப் படம் பிடிக்கிற பயணம் அல்ல. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடப்பது, அங்கே ஒரு வீட்டில் தங்கி அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுவது, களைத்தால் இன்னொரு நாள் அங்கேயே இருந்துவிடுவது. அடுத்த கோடைக்குத் தானும் வருவதாகக் கோசலை சொன்னபோது ரோசாலி அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். மலை பார்க்கப் போகவில்லை, அந்த மனிசியைப் பார்க்கப் போகிறேன் என்று கோசலை சொல்லவில்லை.

மச்சாள் ஒருத்தி கேட்டாள்: "புத்தரைப் பாக்கவோ இவ்வளவு தூரம் போறாய்?" அந்தக் கேள்வி கோசலைக்குக் குத்தியது. அவள் விட்டுவந்த ஊரில் புத்தர் சிலை எண்டால் பக்கத்தில் ஆமிக்காம்பும் இருக்கும்.

அடுத்த கோடையில் லடாக்கின் லே நகரில் இறங்கியதும் கோசலைக்குத் தலை இடித்தது. மாடிப்படி ஏறினாலே நெஞ்சு அடித்தது. உடம்பு பழகட்டும் என்று ழாக் எல்லாரையும் சில நாள் சும்மா இருக்கவைத்தார். பிறகு நடக்கத் தொடங்கினார்கள். ரோசாலி முன்னால் போனார், அந்த மலைகளை விலைக்கு வாங்கியவர் மாதிரி. இது வில்லோ மரம், அது மர்மோட் எலியின் பொந்து. மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீண்ட சுவர் ஒன்று வந்தது.

"வலது கைப்பக்கம் சுவர் இருக்கணும் கோசலை, அப்பிடித்தான் கடக்கணும்."

"கோயிலை எந்தப் பக்கத்தாலை சுத்துறதெண்டு எனக்கும் தெரியும் அக்கா."

ரோசாலிக்கு அந்தக் குத்தல் விளங்கவில்லை. "அதான், அதேதான்," என்று சந்தோஷமாக நடந்தார்.

முதல் மடாலயத்துக்குள் கோசலை போகவில்லை. வாசற்படியில் இருந்துகொண்டாள். உள்ளே இருந்து வந்த நெய்விளக்கின் மணம் அவளுக்குத் தெரிந்த மணமாக இருந்தது, அதுவே அவளுக்குக் கோபத்தைக் கொடுத்தது.

அங்மோவின் ஊர் ஓர் ஓடையோரம் பச்சைத் துண்டாகக் கிடந்தது. பார்லி வயல், மஞ்சள் பழங்கள் தொங்கும் ஏப்ரிகாட் மரங்கள், வெள்ளையடித்த மண் வீடுகள். அவர்களைக் கண்டதும் ஒருத்தி "ஜூலே! ஜூலே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து ரோசாலியை அணைத்துக்கொண்டாள். குள்ளமான, உரமான உடம்பு. முன்பல் ஒன்று இல்லை. கோசலை தன் பையை இறக்காமல் நின்றாள். இவளோ? இவளுக்காகவோ நான் ஒரு வருசம் வெந்தனான்?

அன்று பின்னேரம் தேநீர் குடிக்கச் சமையலறையில் அமர்ந்தார்கள். சுவரெல்லாம் பளபளத்த செம்புப் பாத்திரங்கள். அவற்றுக்குக் கீழே, மரத்தூண் முழுக்கப் புகைப்படங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் அங்மோ யாரோ ஒரு விருந்தாளியோடு கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றாள். பொன்முடிக்காரி ஒருத்தி, தாடிக்காரர் ஒருவர், வங்காளிக் குடும்பம் ஒன்று. எல்லாவற்றிலும் அதே சிரிப்பு.

கோசலைக்குச் சட்டென்று பிடிபட்டது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். 'உங்களுக்கெண்டே எடுத்து வைச்சனான் அக்கா' என்று கடையில் சேலையை விரிக்கும்போது அவள் முகத்தில் வருகிற சிரிப்பு அது.

ரோசாலியின் கண்கள் தூணில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தன. போன வருசம் எடுத்து அங்மோவுக்கு அவர் அனுப்பிவைத்த படம் அதில் இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். கோசலை இருக்கவில்லை. "தேடாதையுங்கோ அக்கா. இஞ்சை வாற எல்லாரும் அவவுக்கு அக்காதான்."

ரோசாலி கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நானும்தான் கவுண்டர்ல ஒக்காந்து எத்தன வருஷம் எல்லாருக்கும் போன்ழூர் சொன்னேன். காசு குடுத்துத்தான் தங்கினேன், தெரியும். ஆனா என்னைப் பாத்து ஒருத்தி ஓடி வந்தா, கோசலை. என் மகன் லியோன்ல இருக்கான், ஸ்டேஷனுக்குக்கூட வரமாட்டான். நீ, நான் கடைக்கு வந்தா சேலைய மடிச்சிக்கிட்டே பேசுவ."

கோசலைக்கு உள்ளே அருவருப்பாக இருந்தது, தன்னைப் பற்றித்தான். அப்படியிருந்தும் அந்தப் படம் தூணில் இல்லாததில் கிடைத்த மகிழ்ச்சி போகவில்லை.

மறுநாள் மற்றவர்கள் ழாக்கோடு மேலே உள்ள மடாலயத்துக்கு ஏறினார்கள். ரோசாலி அவளைக் கூப்பிடவில்லை. கோசலைக்குக் காலும் ஏலாது. நாள் முழுக்க நின்று விற்கிற காலில் நரம்புகள் சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தன, நடையில் இன்னும் வீங்கிவிட்டன.

முற்றத்தில் அங்மோ பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கோசலையும் போய் அமர்ந்து உரித்தாள். அங்மோ ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். கோசலை விளங்கவில்லை என்று தலையாட்டினாள். ஹிந்தியில் கேட்டாள், அதற்கும் தலையாட்டல்தான். பொதுவாக ஒரு சொல்லும் இல்லை என்று தெரிந்ததும் அங்மோவின் சிரிப்பு அணைந்தது. விருந்தாளிக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். பெருமூச்சு விட்டாள். சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆழமாக வெடித்த குதிகாலைத் தடவியபடி தன் மொழியில் யாரையோ திட்டத் தொடங்கினாள்.

"ஓம் பாருங்கோ," என்றாள் கோசலை தமிழில். "எனக்கும் உதே கதைதான்." காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டித் தன் நரம்புகளைக் காட்டினாள்.

அங்மோ உச்சுக் கொட்டினாள். உள்ளே போய் ஒரு சின்னப் போத்தலோடு வந்தாள். ஏப்ரிகாட் விதையில் பிழிந்த எண்ணெய். கோசலையின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, கீழிருந்து மேலாக உருவத் தொடங்கினாள். கை கல்லு மாதிரி இருந்தது. கோசலை தன் மாமியாரைப் பற்றிச் சொன்னாள். அங்மோவும் யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள், அதுவும் மாமியாராகத்தான் இருக்கும். ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

நிமிர்ந்தபோது வாசலில் ரோசாலி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"எனக்கு ஒருநாளும் இப்பிடிச் செஞ்சதில்ல," என்றார், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

அந்தக் குரலைக் கோசலைக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருசமாக அவளுக்குள்ளே கேட்ட குரல்தான். "வாங்கோ அக்கா, வந்து இருங்கோ," என்று இடம் விட்டாள். காலை மட்டும் அங்மோவின் மடியிலிருந்து எடுக்கவில்லை.

பாரிசுக்கு வந்து முதல் ஞாயிறு ரோசாலி கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு கோசலையே போனாள், குழம்பிப்போன வரனின் கதையை முழுக்கச் சொன்னாள். ரோசாலி, "ஏண்டி இத்தன நாள் சொல்லல?" என்று திட்டினார். பிறகு பழையபடி நடந்தார்கள்.

குளிர்காலத்தில் ஒருநாள் ரோசாலியின் வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது அங்மோ காணொளியில் வந்தாள். பின்னால் சாளரம் முழுக்கப் பனி. ரோசாலி ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார். அங்மோ பதில் சொல்லிவிட்டு, காலைத் தட்டிக்காட்டி, உருவுவதுபோல் கையசைத்து, "கோசலே? கோசலே?" என்று கேட்டாள்.

ரோசாலியின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "ம், இந்தா, உன்னத்தான் கேக்கிறா," என்று கைபேசியை நீட்டினார்.

கோசலை கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். பிறகு தொடருந்தில் சார்செல் போய்ச் சேரும்வரை, சுருங்கிய அந்த முகத்தை நினைத்து நினைத்து அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.