பூட்டிய அறைக்கு வெளியே நடந்த வகுப்பு

நானே படித்த முதல் சாவுச் செய்தி கஸ்தூரி மேடத்தினுடையது.

காலையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. யாரையும் கூப்பிடாமல் எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். 'கஸ்தூரி' என்று வந்ததும் சந்தோஷப்பட்டேன். தெரிந்த பெயரைக் கண்டுபிடிப்பதில் இந்த வயதில் எனக்கு அப்படியொரு குஷி. அடுத்து 'மேடம்'. அதற்கடுத்து 'காலமானார்'. தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பார்கள்.

மண்ணூர்பேட்டை அரசுப் பள்ளியில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்திய தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர் அவர். அறை அரசாங்கத்தினுடையது, பாடம் நிறுவனத்தினுடையது. இரண்டுக்கும் நடுவில் ஸ்கூட்டரில் ஓடிக்கொண்டே இருந்தவர் மேடம். ஒரு டீயை அவர் முழுதாகக் குடித்து நான் பார்த்ததில்லை.

தொடக்க விழாவன்று நிறுவனத்து ஊழியர்கள் ஆர்வத்தில் பள்ளி வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். பள்ளியின் பெயர்ப்பலகை அதற்குள் மறைந்துபோனது. கல்வி அலுவலர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. பேனரைப் பார்த்தார், அப்படியே திரும்பிவிட்டார். மறுநாள் எங்கள் அறையில் பூட்டு.

"இன்னா மேடம் பாத்துகினு நிக்கிறே? ஒரு கல்லு போதும், ஒடச்சிடலாம்" என்றார் எங்களோடு படிக்கும் பூக்கார முனியம்மா.

"ஒடச்சா ரூம் கெடைக்கும், ஸ்கூல் போயிடும்" என்றார் மேடம்.

பேனரைத் தானே அவிழ்த்தார். பூட்டிய கதவுக்கு வெளியே வராந்தாவில் அதையே பாயாக விரித்தார். நிறுவனத்தின் பெயர் மேல் உட்கார்ந்துதான் நாங்கள் 'அ' எழுதினோம். நிறுவனத் தலைவருக்கு அதில் வருத்தம் என்று பிறகு தெரிந்தது.

அலுவலருக்கு ஒரு மாலை வாங்கிப்போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றேன் நான். மேடம் தலையாட்டி மறுத்தார். "மாலை போட்டா ஒரு நாள் வருவாரு அண்ணே. பாடம் எடுக்க வெச்சா நம்மாளு ஆயிடுவாரு." அதைத்தான் அவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

அலுவலர் வந்தார், விறைப்பாக. என்ன எழுதட்டும் என்று கேட்டார்.

"எம் பேர எய்து சார். ரேஷன் கடையில கைநாட்டு வெச்சி வெச்சி மானம் போவுது" என்றார் முனியம்மா. அலுவலர் எழுதிக் காட்டினார். முனியம்மா உற்றுப் பார்த்தார். "இம்மா நீளமா கீது? எங்க நைனா கொஞ்சம் சின்னதா வெச்சிருக்கக் கூடாது?"

அலுவலர் சிரித்துவிட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு பேனரில் எங்களோடு உட்கார்ந்து, முனியம்மா தன் பெயரை எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் அறை திறந்தது. மின்விளக்கும் மாட்டச் சொல்லியிருந்தார்.

அந்த அலுவலர் இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். மேடம் மருத்துவமனையில் இருந்த நாட்களில், மாணவர்களுக்குக் கொடுக்க வந்த சைக்கிள்களை எங்கள் அறையில் அடுக்கிவிட்டார்கள். வகுப்பு நின்றுபோனது. அலுவலகத்தில் கேட்டால் "நிறுவனம் எழுதிக் கேட்கட்டும்" என்கிறார்கள். நிறுவனத்தில் கேட்டால் "அனுமதி வரட்டும்" என்கிறார்கள். நான் இரண்டு இடத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். எங்கள் வயதில் கையை விட்டால் எழுத்து நழுவிவிடும். முனியம்மா இப்போதே தன் பெயரின் பாதியில் நின்று யோசிக்கிறார். எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை.

மேடம் சாந்தமே உருவானவர் என்று இந்த இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். எனக்குத் தெரிந்த மேடம் அப்படியல்ல. யாராவது "பார்க்கலாம்" என்றால், "எத்தன மணிக்குப் பாக்கலாம் சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்பவர். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த அவசரத்தைத்தான்.

நிறுவனத்தாரும் அலுவலகத்தாரும் இன்று பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து போவதற்குள் பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் வாசலில்தான் நிற்கிறோம்.