முட்டை விலைக்கு முன்னால் ஒரு பெட்டி

நாமக்கல்லில் எங்கள் கோழிப்பண்ணைச் சங்கத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர் அவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. பேசும்போதெல்லாம் பைக் சாவியால் காது குடைவார். குடைந்த சாவியைச் சங்கச் செயலாளரான என் மேசை விளிம்பில் துடைப்பார்.

சில நாட்களாக, முட்டை விலை பார்க்க அந்த சைட்டைத் திறந்தால், ஈமெயிலும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு பெட்டி குதித்தது. விலை தெரிந்துகொள்ளும் அவசரத்தில் பண்ணைக்காரர்கள் பலர் அதில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அவரை வரவழைத்துக் காட்டினேன்.

"இது நம்ம பெட்டி இல்லீங்க. விளம்பரத்துக்கு இடம் உட்டிருக்கேனுங்களே, அதுவழியா வருது. பாஸ்வேர்டு திருடறவனுங்க வேலை."

"தெரிஞ்சேவா எடுக்காம உட்டீங்க?"

"எடுத்தா எனக்கு வர்ற விளம்பர வருமானம் போயிருமுங்களே."

"உங்கப்பாவும் பண்ணை வெச்சிருக்காரு. அவரு எப்படி வெலை பாக்கறாரு?"

"அந்தப் பக்கமே போகக்கூடாதுன்னு அவருகிட்ட அப்பவே சொல்லிட்டேனுங்க. தினமும் எனக்கு போன் போட்டுத்தான் கேப்பாரு."

சாவியைத் துடைத்துவிட்டு, "வாரேனுங்க" என்று எழுந்து போனார்.

சைட்டை அன்றே மூட வைத்தேன். மேசையைப் பினாயில் ஊற்றித் துடைத்தேன். அப்பாமேல் அவ்வளவு கரிசனமுள்ள ஒரு பிள்ளையின் கை பட்ட இடம் என்று நினைத்தால், இன்னும் அருவருப்பு போகவில்லை.