சின்னவன் கைப்பக்குவம்

அவளை வீட்டில் பெரியவள் என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி சின்னவன். இரண்டு பேருக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம் என்றாலும், அந்த ஒன்றரை வயது முந்திப் பிறந்த பாவத்துக்கு அடுப்படி முழுக்க அவள் தலையில் விழுந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். ஈரம் கனத்த படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து இழுத்து அவளுக்குத் தோள்பட்டை இரண்டும் எந்நேரமும் வலித்துக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு லாரி. போனால் போன இடம், வந்தால் வந்த நாள். பெரியவளுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது அம்மாவை மதிய ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும்போது அவள் வீட்டில் இருக்க மாட்டாள்.

"இனிமே சாயங்காலச் சாப்பாட்டை நீ பாத்துக்கடி பெரியவளே," என்றாள் அம்மா, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே.

"என்னம்மா செய்யறது?"

"இருக்கறத வச்சு ஏதாவது செய்."

அதோடு சமையல் பாடம் முடிந்தது. பஸ் வந்துவிட்டது.

இருக்கிறது என்றால் அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு. அப்பா வந்துபோன கையோடு முட்டையும் இருக்கும். முதல் நாள் சோறு அடியில் கருகி, நடுவில் குழைந்து, மேலே வேகாமல் நின்றது. ஒரே பானையில் மூன்று விதம். சின்னவன் அதைப் பார்த்துவிட்டு ரொட்டி வாங்கித் தின்னக் கிளம்பிவிட்டான். அவள் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் பசித்தது. அந்தச் சோற்றைத்தான் தின்றாள்.

கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டாள். வெங்காயத்தில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி மூடி வைத்தால் அதன் தண்ணீரிலேயே அது வதங்கிவிடும், எண்ணெய் பாதி போதும். பருப்பு வெந்த சூட்டிலேயே கீரையைக் கிள்ளிப் போட்டுவிட்டு அடுப்பை அணைத்துவிடலாம். கடையில் விரிசல் விட்ட முட்டையை ஓரமாக எடுத்து வைத்திருப்பார்கள், மலிவு. ஆனால் அதை நேராகச் சட்டியில் உடைக்கக்கூடாது. கிண்ணத்தில் உடைத்து மோந்து பார்க்க வேண்டும். முட்டைகோஸின் வெளி இலைகளைக் காய்க்கடைக்காரர் பிய்த்துக் கூடையில் எறிவார். கேட்டால் சும்மாவே தருவார். கேட்கத்தான் வாய் கூசும். கொஞ்ச நாள் கூசியது, அப்புறம் பழகிவிட்டது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அவள் சமையலைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தால் ஒன்று உப்பு கூட, இல்லை உப்பு குறைச்சல், இல்லை "இன்னைக்கும் உருளைக்கிழங்கா?" நன்றாக அமைந்த நாளில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தட்டு காலியாகும், கை கழுவுவார்கள், எழுந்து போவார்கள். பெரியவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சாப்பாட்டுக்காக ஒரு ஆளைக் கொண்டாடுவார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. சின்னவன் முட்டை கிளறிய அன்றுதான் தெரிந்தது.

அன்று பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தனி வகுப்பு. வர நேரமாகிவிட்டது. அம்மாவுக்கு வார விடுமுறை, தோள்வலியோடு படுத்திருந்தாள். பெரியவள் மாடிப்படி ஏறும்போதே எதிர்வீட்டுத் தையல்காரம்மா, வாயில் கவ்விய நூலைக்கூட எடுக்காமல், கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"உன் தம்பி சமைச்சானாமே! கேள்விப்பட்டியா?"

உள்ளே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரியவளுக்குப் பகீரென்றது. "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடி. எம் புள்ள எனக்கு ஆக்கிப் போட்டான். உருளைக்கிழங்கும் முட்டையும் கிளறி, தட்டுல வச்சு, படுத்திருந்த இடத்துக்கே கொண்டாந்து குடுத்தான். அம்மா எந்திரிக்காத, சாப்பிடுன்னான்."

சின்னவன் சுவரில் சாய்ந்து நின்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

பெரியவள் அடுப்படிக்குப் போனாள். தரையில் முட்டை ஓடு. சுவரில் எண்ணெய்த் தெறிப்பு. சட்டியில் சுரண்ட முடியாத கருகல். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அவள் வேகவைத்துத் தோலுரித்து மூடி வைத்திருந்த கிழங்கு ஒன்றுகூட இல்லை.

"அந்தக் கிழங்கு நான் வேகவச்சது," என்றாள், வெளியே வந்து.

"அதுக்கென்ன இப்போ?" என்றாள் அம்மா. "புள்ள ஆசையா செஞ்சிருக்கான். நீ ஏன் மூஞ்சியத் தூக்கற?"

அப்போது பிடித்த வயிற்றெரிச்சல்தான். தண்ணீர் குடித்தாலும் அடங்கவில்லை. துணி துவைக்கும் பிரிவு முழுக்கச் செய்தி பரவியது. அங்கிருந்து ஒரு அம்மா வீட்டுக்கு வந்து சின்னவனின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அப்பா எந்த ஊரிலிருந்து போன் செய்தாலும் முதல் பேச்சு அதுதான். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரி ஒரு நாள் ஏதோ வாய்த்துவிட்டது, அதற்கு இவ்வளவு தண்டோராவா என்று பெரியவள் பானையைத் தேய்த்துக்கொண்டே பொருமினாள். நான் மட்டும் இத்தனை நாளும் என்ன, இவர்களுக்கு மண்ணையா அள்ளி வைத்தேன்?

அடுத்த முறை ஊருக்கு வந்த அப்பா பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். மரப்பிடி போட்ட புதுக் காய்கறிக் கத்தி, அட்டை உறையோடு. "எங்க நம்ம வீட்டு சமையல்காரர்?" என்று சின்னவன் கையில் கொடுத்தார்.

பெரியவளின் கத்தி மொண்ணை. பிடி உடைந்து, துணி சுற்றிக் கட்டியிருந்தது. அதில்தான் இரண்டு வருஷமும் நறுக்கினாள். வாயைத் திறந்தால் கண்ணீர் வந்துவிடும் என்று பயந்தாள்.

மறுநாள் மதியம் சின்னவன் சமைத்தான். அப்பா கேட்டார், செய்தான். மறுபடி அதே கிழங்கும் முட்டையும்தான்; வேறொன்றும் அவனுக்குத் தெரியாது. தட்டு எடுக்க அவன் நகர்ந்த நேரத்தில் பெரியவள் உப்பு ஜாடியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, சட்டியில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டினாள். இன்றைக்குத் தெரியட்டும் எல்லோருக்கும்.

அப்பா முதல் வாயை வைத்தார். முகம் கோணியது. ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார்.

அப்பா கடகடவென்று சிரித்தார். "ஆம்பளப் புள்ள, கை தாராளம்! உப்பு கூடினா என்னடா, ருசி எங்கயும் போகல!" என்று சோற்றை அதிகமாகப் போட்டுப் பிசைந்து முழுத் தட்டையும் சாப்பிட்டு முடித்தார். அம்மாவும் சாப்பிட்டாள். முந்தின நாள்தான், பெரியவள் வைத்த பருப்பில் உப்பு ஒரு கல் தூக்கலாக இருந்தது என்று இதே அப்பா தட்டை நகர்த்தி வைத்திருந்தார்.

அவன் நன்றாகச் செய்தாலும் கொண்டாட்டம், கெடுத்தாலும் கொண்டாட்டம். இதற்கு என்னதான் செய்ய முடியும்?

பாத்திரம் கழுவும்போது சின்னவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"உப்பு நீதானே போட்ட?"

"ஆமா. போய்ச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்." கொஞ்ச நேரம் காலால் தரையைத் தேய்த்தான். "அக்கா, நீ வதக்கற வெங்காயம் மாதிரி எனக்கு வர மாட்டேங்குது. உனக்கு மட்டும் எப்படிப் பொன்னிறமா வருது?"

அந்த வீட்டில் அவள் சமையலைப் பற்றி ஒரு ஆள் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் இவன் வாயிலிருந்தா வர வேண்டும்? காட்டிக்கொடுத்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே!

"தெரியாது. அதுவா வருது," என்றாள். மூடி போடும் ரகசியத்தைச் சொல்லவே இல்லை.

சின்னவன் அதற்கப்புறம் ஏழெட்டுத் தடவை சமைத்திருப்பான். பிறகு பந்து விளையாட்டு வந்தது, கூட்டாளிகள் வந்தார்கள், அடுப்பை மறந்துவிட்டான். புதுக் கத்தி சும்மா கிடந்தது. பெரியவள் அதைத் தொடவில்லை. மொண்ணைக் கத்தியிலேயே நறுக்கி, கையையும் நறுக்கிக்கொண்டாள். "இத எடுத்துக்க வேண்டியதுதானே, வீம்புக்காரி," என்று அம்மா திட்டினாள்.

சமையல் நின்றது, பேர் மட்டும் நிற்கவில்லை. வருஷம் ஆக ஆக அது வளர்ந்துகொண்டே போனது. சின்னவன் கைப்பக்குவம் யாருக்கு வரும், சின்னவன் தொட்டாலே மணக்கும், சின்னவன் மட்டும் அந்த வழியில் போயிருந்தால் எங்கேயோ இருந்திருப்பான். சின்னவனோ லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போய் கையெல்லாம் கிரீஸாகத் திரிந்தான். பெரியவள் ஒரு செருப்புக் கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கச் சேர்ந்து, பத்து வருஷத்தில் அந்த அடுப்புகளுக்கே பொறுப்பாளி ஆனாள். கம்பெனி முழுக்க அவள் கையால்தான் சாப்பிட்டது. மலிவாக, வயிறு நிறைய, வீணாக்காமல் சமைக்க அவளைவிட்டால் ஆள் இல்லை. தொழிலாளிகள் அவளை மாஸ்டரக்கா என்றார்கள். வீட்டில் அம்மா, "அவளுக்கென்ன, ஏதோ கேன்டீன்ல வேலை" என்பாள்.

சின்னவனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் அவன் மனைவி பெரியவளைத் தனியாக இழுத்து வைத்துக் கேட்டாள். "அண்ணி, அத்தை சொன்னத நம்பி அவரை ஒரு நாள் சமைக்கச் சொன்னேன். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியலையே?"

பெரியவள் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

அம்மா கடைசியில் பெரியவளோடுதான் இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனபோது, சாப்பாடே இறங்கவில்லை. எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய், அப்புறம் தலையைத் திருப்பிக்கொள்வாள். தெம்பு வந்தால்தான் நடக்க முடியும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சின்னவன் பார்க்க வந்தான். அம்மா முகம் மலர்ந்தது.

"உன் கையால ஏதாவது சூடா ஒரு சூப்பு வச்சுக் குடுடா."

சின்னவன் அடுப்படிக்கு வந்து திருதிருவென்று முழித்தான். "என்னக்கா செய்யறது?"

"நீதானே கைப்பக்குவக்காரன். வை."

"அக்கா..."

அவள் ஒரு நிமிஷம் அவனைத் தவிக்கவிட்டாள். பிறகு கேரட்டை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். பூண்டு, கொஞ்சம் பருப்பு, கடைசியில் மிளகு. கிண்ணத்தை அவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு வாசற்படியில் கரண்டியோடு நின்றாள்.

அம்மா முழுக் கிண்ணத்தையும் குடித்தாள். "பாத்தியா, இத்தனை வருஷம் ஆனாலும் கை மறக்கல."

சின்னவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, இது அக்கா வச்சதும்மா."

"சும்மா சொல்லாதடா. அவ வைக்கறதத்தான் தினம் குடிக்கறேனே, எனக்குத் தெரியாதா? அவளுக்கு இப்படி வராது."

அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பெரியவளுக்குக் கரண்டியைத் தூக்கி எறியலாமா என்றிருந்தது. ஆனால் கிண்ணம் காலி. ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா வைத்த முதல் காலிக் கிண்ணம்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாம்மா?"

"அவன ஊத்தச் சொல்லு."

"ஊத்துடா," என்றாள் பெரியவள். "ஊத்திட்டு, போறதுக்கு முன்னாடி பாத்திரம் பூரா கழுவி வச்சுட்டுப் போ."

மறுநாளிலிருந்து அவளே வைத்தாள், "சின்னவன் குடுத்தனுப்பினான்" என்று சொல்லிக் கொடுத்தாள். அம்மா ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். குடிக்கக் குடிக்கப் பிள்ளையை மெச்சினாள். ஒவ்வொரு வாய் உள்ளே போகும்போதும் பெரியவளுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் எரிச்சல். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். சுவரைப் பிடித்து நடந்தாள்.

ஒரு நாள் கேன்டீனில் இருந்தபோது சின்னவன் போன் செய்தான். குரல் நொந்து போயிருந்தது.

"அக்கா, அம்மா என்னைக் கூப்பிட்டுத் திட்டறாங்க. நேத்து சூப்பு தண்ணியா இருந்துச்சாம், மிளகு காரம் பத்தலையாம். கல்யாணம் ஆனதும் கவனம் போயிடுச்சுங்கறாங்க. நான் என்னக்கா பண்ணேன்?"

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சமையலில் அம்மா ஒரு குறை சொல்லிவிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் குறை!

"நல்லா வாங்கிக்க," என்றாள். "நாளைக்கு மிளகு கூடப் போடறேன்."

போனை வைத்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாஸ்டரக்கா அப்படிச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.