கேபிள் டை போட்ட குழாய்

டயபரைத் திறந்தேன். காய்ந்து கிடந்தது.

குழந்தைகள் யூராலஜி வார்டில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரத்தத்தைப் பார்த்தால்கூட நாங்கள் அப்படிப் பதற மாட்டோம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன பிள்ளையின் டயபர் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் மூத்திரம் உள்ளேயே தங்குகிறது என்று அர்த்தம். மூன்று வயது கவின் அழுது அழுது தொண்டை கட்டி, வெறுமனே முனகிக்கொண்டிருந்தான். அடிவயிறு பந்து மாதிரி உப்பியிருந்தது.

இது நடந்தது 2012-இல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நான் வார்டு சிஸ்டர். படித்துக் கற்றதைவிட, வருகிறவர்களிடம் வாய் கொடுத்துக் கற்றதுதான் எனக்கு அதிகம்.

கவினுக்குப் பிறவியிலேயே மூத்திரத் துவாரம் குறியின் நுனியில் இல்லை, அடிப்பக்கத்தில் இருந்தது. ஹைப்போஸ்பேடியஸ் என்போம். ஆபரேஷனில் நுனிவரை புதிதாக ஒரு பாதை தைப்பார்கள். தையல் ஆறும்வரை அதற்குள் நூடுல்ஸ் தடிமனில் ஒரு ட்யூப் இருக்கும். அதற்குப் பையும் கிடையாது, மூடியும் கிடையாது. பிள்ளைக்கு இரண்டு டயபர் கட்டி, உள் டயபரில் ஓட்டை போட்டு ட்யூபின் முனையை வெளியே விட்டுவிடுவோம். மூத்திரம் வெளி டயபரில் சொட்டிக்கொண்டே இருக்கும்.

"காலையில இருந்து ஒரே வீறல் சிஸ்டர். கிட்ட போனாலே தொட விட மாட்டேங்கான்," என்றாள் அவன் அம்மா செல்வி.

உள் டயபரையும் பிரித்தேன். ட்யூப் உடம்பை விட்டு வெளியே வரும் இடத்தில், கறுப்பாக ஒரு கேபிள் டை, வயர்களைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. இறுக்கி, மிச்ச வாலை ஒட்ட நறுக்கி, அவ்வளவு சுத்தமான வேலை.

"யாரு இதைப் போட்டது?"

"நான்தான் சிஸ்டர்," என்றார் அப்பா இசக்கி. கம்பெனி யூனிஃபார்மிலேயே நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை ரூம், ஒரகடத்தில் காருக்கு ரேடியேட்டர் ஹோஸ் மாட்டுகிற லைனில் வேலை. "ட்யூப் லீக் ஆயிக்கிட்டே கெடந்துது. அதான் லாக் பண்ணிட்டேன்."

நல்ல காரியம் செய்த மனிதரின் குரல் அது. எங்கள் ஆயா குப்பம்மா முந்திக்கொண்டாள். வடக்குப்பட்டுக்காரி, யாரையும் விட மாட்டாள்.

"இன்னாயா நீ! கொயந்தைன்னு நென்ச்சியா, காரு இன்ஜின்னு நென்ச்சியா?"

"எங்க லைன்ல ஒரு சொட்டு விழுந்தாலே ரிஜெக்ட்தான்க்கா. ட்யூபைப் பத்திரமாப் பாத்துக்கோங்கன்னு இங்கதான சொன்னாவ?"

அதற்குள் டாக்டர் ஓடிவந்துவிட்டார். "உள்ள பிரஷர் ஏறிட்டிருக்கு. புதுத் தையல் பிரிஞ்சா அடியில ஓட்டை விழும். மறுபடியும் முதல்ல இருந்து ஆபரேஷன்."

தையல் என்றதற்கு ஒன்றும் ஆகாத இசக்கிக்கு, பிரஷர் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. "வெடிச்சு பர்ஸ்ட் ஆயிருமா சார்?" என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இழுத்தால் ட்யூபோடு தையலும் வந்துவிடும். நான் ட்யூபை அசையாமல் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சின்னக் கத்தரியின் நுனியை டைக்குள் மெல்ல நுழைத்தார். டிக். டை விழுந்தது. ஒன்றும் வரவில்லை. நசுங்கிய இடத்தை அவர் விரல்களுக்கு நடுவில் உருட்டினார். ஒரு சொட்டு. அடுத்த நொடி பீறிட்டு அவர் கண்ணாடிமேல் அடித்தது.

"பேஞ்சிட்டான்டா என் ராஜா!" என்று கத்தினாள் குப்பம்மா. டாக்டர் முகத்தைத் துடைக்காமலே சிரித்தார்.

தையல் தாங்கியதா என்பது ட்யூபை எடுத்த பிறகுதான் தெரியும். அதுவரை பிள்ளையை வார்டிலேயே வைத்துக்கொண்டோம். இசக்கி வேலைக்குப் போகவில்லை. ஒவ்வொரு ஈர டயபரையும் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன்.

ட்யூபை எடுத்த அன்று கவின் பாத்ரூமில் நின்றான், பெய்ய மாட்டேன் என்று அடம். வலிக்கும் என்ற பயம். இசக்கி எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"பெய்யி மக்கா. அப்பா இனி எதையும் போட்டுக் கெட்ட மாட்டேன்."

வந்தது. நுனியிலிருந்து, ஒரே தாரையாக. செல்வி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இசக்கி மட்டும் அதைப் பார்க்கவில்லை. செல்போன் டார்ச்சைப் போட்டு அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். தையல்மேல் விரல் நுனியை லேசாக ஒற்றி என் முன்னால் நீட்டினார். காய்ந்திருந்தது.

"லீக் இல்ல சிஸ்டர்," என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டிஸ்சார்ஜ் பேச்சைத் தொடங்குவதற்குமுன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். அப்புறம் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். லைனில் நிற்கிறவர் என்றால், வீட்டுக்குக் கிளம்பும்போது இசக்கி பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனதைத்தான் நான் அப்படியே சொல்வேன்:

"அண்ணே, இங்க எல்லாம் தலைகீழு. சொட்டுனா ஓகே. காஞ்சா உடனே லைனை நிப்பாட்டிட்டு ஓடி வந்துருங்க."